தன் முறையைக் கொடுத்துவிடுகிறவர்

அவர் கையை நீட்டினால் அது எதையும் வாங்குவதற்காக இருக்காது. வலது உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, விரல்களைச் சேர்த்து, எதிரில் இருப்பவர் பக்கமாக மெல்லத் தள்ளுவார். "நீங்க" என்பார். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறும்போது நீங்க. கடையில் சாமான் வாங்க நிற்கும்போது நீங்க. மாதா கோயிலில் நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போதும் நீங்க. இப்படியே ஒவ்வொருவராக முன்னே விட்டு, கடைசியில் சாமியார் பாத்திரத்தை மூடிக்கொண்டு திரும்பும்போது அவர் ஓடிப்போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் வேலை செய்த கடையில் கேட்டால், வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்கிறார்கள். அவர் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வருகிறது. அந்தக் கை மட்டும் அழியவில்லை.

பதுளையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறுகிற தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் அவர் வேலை செய்தார். பைபிள் எழுத்து எனக்கு இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தபோது நான் அங்கே போனேன். கனமான ஒரு இரும்பு பிரேமை என் மூக்கில் மாட்டி, வட்ட வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது தெளிவா, இது தெளிவா?"

எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது. "மொதல்ல போட்டதுங்க" என்று சும்மா சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒன்னுதான்க்கா. நா மாத்தவே இல்ல. ஆனா யார கேட்டாலும் ஒன்ன நல்லதுன்னு சொல்லிருவாங்க. ரெண்டு இருந்துச்சுன்னா ஒன்னு ஒசத்தியா இருந்தே ஆகணும் பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிரித்து முடித்த பிறகு முகம் வாடிவிட்டது.

இன்னொரு நாள் ஹாலிஎல பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தவர், மாடு மாதிரி வளர்ந்த ஒரு வாலிபப் பையனுக்கு எழுந்து இடம் கொடுத்தார். அவன் வேண்டாம் என்றான். இவர் விடவில்லை. "உக்காருங்க தம்பி. நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று சொல்லி, பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவன் உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அவன் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறான் என்பது போலப் பார்த்தார். அந்தப் பையன் நெளிந்து நெளிந்து கடைசியில் தன் இடம் வருவதற்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தச் சீட்டில் அவரும் உட்காரவில்லை. கால் வலிக்க நின்றுகொண்டிருந்த நாங்களும் உட்காரவில்லை. ஹாலிஎல வரும்வரை அந்த இடம் காலியாகவே வந்தது. ஏன் உட்காரவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவருக்குக் கூச்ச சுபாவம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரியில்லை. கூச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். கூச்சப்படுகிறவள் தன்னை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைப்பாள். அவர் அப்படி இல்லை. மற்றவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும் அவருக்கு. பார்த்தால் தன்னைவிட ஒசத்தியாக யாரும் அங்கே இருக்கக்கூடாது. ஒருவர் இருந்தாலும் போதும், கை நீண்டுவிடும்.

அவர் கிட்டார் வாசிப்பார். அதனால்தான் நான் அவரை நன்றாக அறிந்தேன்.

ஹாலிஎலவுக்கு மேலே, நமுனுகுல மலையைப் பார்த்த மாதிரி ஒரு பழைய தேயிலைத் தோட்டத்துப் பங்களா இருக்கிறது. இப்போது அங்கே ஊர் சுற்ற வருகிறவர்கள் தங்குகிறார்கள். தோட்டத்தில் நான் வேலையிலிருந்து நின்ற பிறகு அந்தப் பங்களா குசினியில் சமையல் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயந்தரம் அங்கே மூன்று பேர் வந்து வாசிப்பார்கள். கீபோர்டில் ஒரு பாட்டு டீச்சர். டிரம்ஸில் பதுளையில் பேக்கரி வைத்திருக்கிற முதலாளி, நல்ல தடித்த மனுசன். கிட்டாரில் இவர். மூன்று பேருக்கும் அது பிழைப்பு இல்லை. ஆசை. கோயிலில் வாசிக்கிற பாட்டு இல்லாமல், சினிமாப் பாட்டும் இல்லாமல், ஜாஸ் என்ற ஒன்றை வாசித்தார்கள்.

அது எப்படி என்று எனக்கு டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டை ஒரு தடவை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. முறை வந்தவர் அந்தப் பாட்டுக்குள்ளேயே தன் மனசுக்குத் தோன்றியதை அந்த நேரத்தில் உண்டாக்கி வாசிக்க வேண்டும். மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் தாங்கிப் பிடிப்பார்கள். எல்லாருக்கும் முறை முடிந்ததும் மறுபடி சேர்ந்து வாசித்து முடிப்பார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மலையில் கொழுந்து பறிக்கும்போது ஆளுக்கு ஒரு நெரை கொடுப்பார்கள். ஒரு வரிசைச் செடி ஒருத்திக்கு. பக்கத்து நெரையில் கை வைக்கக்கூடாது. அது போலத்தான்.

அந்தக் காலத்தில் அவர் தன் முறையை வாசித்துக்கொண்டுதான் இருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ந்த எண்ணெயில் கடுகு ஒன்றொன்றாக வெடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விழும். இரண்டு இடத்தில் தப்பும். தப்பினால் நாக்கைக் கடித்துக்கொண்டு அதையே மறுபடி வாசிப்பார். முடிந்ததும் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்துக் கம்பிகளைத் துடைப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் முறை வரும்போது குசினிக் குழாயை மூடிவிட்டுக் கேட்பேன்.

இடையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அவர் போனை எடுத்து எனக்குக் காட்டுவார். எங்கோ ஜப்பானில், அமெரிக்காவில், மீசை முளைக்காத பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்கள். பார்க்கப் பார்க்க அவர் இடது கை விரல்களை வலது கையால் பிடித்து நெரிப்பார், குற்றம் செய்த பிள்ளையின் காதைத் திருகுகிற மாதிரி.

"அத ஏங்க பாக்குறீங்க?" என்று டீச்சர் ஒரு நாள் திட்டினார். "நானும்தான் பாத்தேன் ஒரு காலத்துல. பாத்தா ராத்திரி சோறு எறங்காது. இப்ப பாக்குறதே இல்ல. என் வாசிப்பு எனக்கு."

"தூரத்துல தானே டீச்சர் இருக்காங்க" என்றார் அவர். "தூரத்துல இருக்குற வரைக்கும் பரவால்ல."

ஆகஸ்ட் லீவில் ஒரு குடும்பம் கொழும்பிலிருந்து வந்து தங்கியது. தாய், தகப்பன், இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே ஒரு மகள். நகப்பூச்சு பாதி உதிர்ந்த விரல்கள். பங்களாவில் கொடுக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டு சரக் சரக்கென்று நடப்பாள். அன்றைக்கு மூட்டம் சீக்கிரமே இறங்கி, ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் வடைத் தட்டோடு போனேன். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவரிடம் போனாள்.

"அங்கிள், அத கொஞ்சம் தாறீங்களா? நானும் வாசிப்பேன்."

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். கிட்டாரையும் கொடுத்தார். "நீங்க" என்றார்.

அவள் உட்கார்ந்து, வாயில் இருந்த வடையை மென்றுகொண்டே வாசிக்க ஆரம்பித்தாள். எனக்கு இசையைப் பற்றிச் சொல்ல வார்த்தை கிடையாது. ஒன்று மட்டும் சொல்வேன். அவர் படி படியாகப் பார்த்துப் பார்த்து ஏறுகிற இடத்தில் அவள் படியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள். டீச்சர் வாயைத் திறந்தபடி பின்னால் தாங்கினார். முதலாளிக்கு நெற்றி வேர்த்தது. வாசித்து முடித்து "தேங்க்ஸ் அங்கிள், நல்ல கிட்டார்" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு தாய்தகப்பனிடம் போய்விட்டாள். மறுநாள் காலையில் அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு முதலாளிதான் முதலில் பேசினார்.

"சரி. இப்ப என்ன? நம்ம வாசிக்கிறது பாணு, வெறும் ரொட்டி. அது வாசிக்கிறது கேக்கு. தெனம் கேக்கு திங்க முடியுமா? காலைல ஊரு பூரா பாணுக்குத்தான் வந்து நிக்கும்."

"நா கீபோர்ட வித்துப்போட்டு இனிப்புத் தொதல் கிண்டப்போறேன்" என்றார் டீச்சர். "தொதல்ல யாரும் என்ன ஜெயிக்க முடியாது."

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்களுக்கும் வலித்தது, தெரியும். சிரித்து ஆற்றிக்கொண்டார்கள். இவர் சிரிக்கவில்லை. மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிகளைத் துடைக்காமலே நின்றார். அவள் விரல் பட்ட கம்பிகள்.

குசினிக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வடைய மென்னுகிட்டே வாசிச்சுதுக்கா. பாத்தீங்கல்ல? மென்னுகிட்டே."

அடுத்த சனிக்கிழமை பாட்டின் தொடக்கத்தை அவர் எல்லாரோடும் சேர்ந்து நின்றுகொண்டே வாசித்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அவருடைய முறை வந்ததும் கிட்டாரை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு ஓரமாக ஒதுங்கி, அந்த நாற்காலியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நீங்க."

டீச்சருக்கும் முதலாளிக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தப் பாட்டை நடுவில் நிறுத்தக்கூடாது. அதனால் அவர் முறை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குச் சும்மா பின்னால் தாங்கிக்கொண்டே இருந்தார்கள். முறை முடிந்ததும் அவர் கிட்டாரை எடுத்துக்கொண்டு மீதிப் பாட்டை ஒழுங்காக வாசித்தார்.

"அது கொழும்புக்கு போயிருச்சுப்பா" என்றார் முதலாளி. "ட்ரெயின்ல ஏத்திவிட்டாச்சு. இன்னும் யாருக்கு எடம் குடுக்குற?"

"இருக்கட்டும் முதலாளி. அந்த எடத்துல அவங்க வாசிச்சதுக்கு அப்பறம் நா எப்படி வாசிக்கிறது."

முதல் சில வாரம் முதலாளி அதை வைத்து நன்றாகச் சிரித்தார். காலி நாற்காலிக்கு மீன் வைத்த மாலு பாண் ஒன்று கொண்டுவந்து வைத்தார். "சம்பளம்" என்றார். வந்து தங்குகிறவர்களும் ஏதோ வேடிக்கை என்று கை தட்டினார்கள்.

பிறகு முதலாளி சிரிப்பதை நிறுத்தினார். எப்போது என்று எனக்கு நினைவில்லை. டிரம்ஸைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார், அந்த நாற்காலிக்கு முதுகு காட்டாத மாதிரி. இன்னொரு நாள் அந்தக் காலி முறையின்போது டீச்சர் கை தவறி ஒரு கட்டையைப் பிழையாக அழுத்திவிட்டார். உடனே நாற்காலி பக்கம் திரும்பி "ஸாரி" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு என்ன நடந்தது என்றால், நான் மறுபடி குழாயை மூட ஆரம்பித்தேன். அவர் வாசித்த காலத்தில் அவருக்காக மூடினேன். வாசிப்பதை விட்ட பிறகு மூடுவதையும் விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், கை சோப்பு நுரையோடு அப்படியே நிற்கிறேன். குழாய் மூடியிருக்கிறது. அந்தக் காலி முறை முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முறை முடிந்தது எனக்குத் தெரிந்தது. டீச்சர் சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்தது.

அன்றைக்குப் பாட்டெல்லாம் முடிந்த பிறகு அவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார்.

"தொட்டு பாருங்கக்கா. கம்பி சுடுது."

நான் தொடவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி காய்ச்சல் என்று வராவிட்டால் அவள் நெரையைப் பக்கத்து நெரைக்காரிகள் இரண்டு பேர் ஆளுக்குப் பாதியாகப் பறித்துவிடுவார்கள். செத்துப்போனால் மட்டும், கருமாதி முடியும்வரை அவள் கடைசியாகப் பறித்த நெரையில் யாரும் கால் வைக்க மாட்டோம். கங்காணி கம்பை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த நெரையில் கொழுந்து மற்றதைவிட ஒரு விரல் கூடுதலாக நிற்கும். பச்சை தளதளவென்று இருக்கும். கை படாததால்தான் அப்படி வளருகிறது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் காலையில் மூட்டத்துக்குள் அதைப் பார்க்கும்போது, எங்கள் எல்லாருடைய நெரையையும்விட அதுதான் நல்ல நெரை என்று தோன்றும். நான் அதைத் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன்.

அவரிடம் நானாக எதுவும் பேசியது கிடையாது. அன்றைக்குச் சொன்னேன். எப்படித் துணிந்தேன் என்று தெரியவில்லை.

"ஐயா, செத்தவங்களுக்கு தான் அப்படி நெரை விடுவோம். அந்தப் புள்ள உசுரோட இருக்கு. உசுரோட இருக்குறவங்களுக்கு நெரை விடக்கூடாதுங்க."

அவர் கிட்டாரை இறக்கிப் பிடித்தார்.

"கொழுந்து எப்படி இருக்கும்க்கா அந்த நெரைல?"

"நல்லா தான் இருக்கும். ஆனா ரொம்ப நாள் விட்டா முத்திருமுங்க. அப்பறம் பறிக்க ஒதவாது."

"முத்தட்டும்" என்றார். "அத பறிக்க நா யாரு?"

அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்காக நான் ஜெபம் செய்ய ஆரம்பித்தேன். கொழும்பில் எந்த ரோட்டில் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. பெயர்கூடத் தெரியாது. வடை தின்ற பிள்ளை என்று சொல்லித்தான் மாதாவிடம் கேட்டேன்.

டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முந்தின வாரம் பங்களா மேனேஜர் டீச்சரைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுப் பேசினார். அவர் சின்ன வயதுக்காரர், எதற்கும் எளிதில் பயப்படாதவர். அன்று குரல் இறங்கியிருந்தது.

"டீச்சர், போன வாரம் இங்க தங்குன ஒரு வெள்ளைக்கார அம்மா என்ன கேட்டுச்சு தெரியுமா? வாசிச்சு முடிச்சதும் மூனு பேர் வந்து கும்புட்டீங்களே, நாலாவதா வாசிச்சவரு ஏன் வரலன்னு கேட்டுச்சு."

டீச்சர் வாசல் வழியாக அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு இது வேணாம். வர்ற சனிக்கிழமை பங்களா நெறைய ஆளு. அன்னைக்கு அவரு அந்த நாற்காலில உக்காந்து, அவரு கையால, அவரு முறைய வாசிக்கணும். இல்லன்னா அதுக்கு அப்பறம் நீங்க ரெண்டு பேரு மட்டும் வாங்க. அவரு வேணாம்."

"சனிக்கிழமை இல்லன்னா அவருக்கு ஒன்னுமே இல்ல தம்பி" என்றார் டீச்சர்.

"அதுக்குத்தான் சொல்றேன். வாசிக்க சொல்லுங்க."

டீச்சர் அவரிடம் எப்படிச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் எல்லாருக்கும் முன்னாலேயே வந்து, குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார். தானே உண்டாக்கிய ஒன்று. சின்னது. போகும், கொஞ்சம் தயங்கும், ஒரு இடத்தில் திரும்பும், வந்து உட்காரும். ஒரு மனுசன் தன் வீட்டுக்குள் விளக்கு இல்லாமல் நடக்கிற மாதிரி இருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை.

"எப்படிக்கா?"

"நல்லா இருக்குங்க."

"அந்தப் புள்ள வாசிச்சத விடவா?"

"அதுவும் நல்லா இருந்துச்சு. இதுவும் நல்லா இருக்குங்க."

"ரெண்டும் எப்படிக்கா நல்லா இருக்கும்?" என்றார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மஞ்சள் துணியை எடுத்துக் கம்பிகளைத் துடைத்தார். "இன்னைக்கு வாசிச்சுருவேன்க்கா."

ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூட்டம் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டது. நான் தேத்தண்ணித் தட்டோடு போகும்போது சரக் சரக் என்று செருப்புச் சத்தம் கேட்டது. அவள்தான். தாய்தகப்பனோடு நத்தார் லீவுக்கு மறுபடி வந்திருக்கிறாள். நல்ல சுகமாக, கன்னம் கொஞ்சம் உப்பி, உயிரோடு. எனக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மாதாவே உனக்குத் தோத்திரம் என்று மனசுக்குள் சொன்னேன். பயப்பட இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

பாட்டைத் தொடங்கினார்கள். அவரும் சேர்ந்து வாசித்தார். டீச்சரின் முறை முடிந்தது. அவர் முறை வந்தது. அவர் நாற்காலியில் உட்காரப் போனார். உண்மையாகவே போனார், முழங்கால் மடிந்ததைப் பார்த்தேன். அப்போது முன் வரிசையில் இருந்த அவளைக் கண்டுவிட்டார்.

கை நீண்டது. "நீங்க."

அவள் சந்தோஷமாக எழுந்து வந்து உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்தாள். விரலைக் கம்பியில் வைத்தாள். இரண்டு மூன்று சத்தம் வந்திருக்கும். விரலை எடுத்துவிட்டாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தொட்டவள் மாதிரி எழுந்துவிட்டாள்.

"ஸாரி அங்கிள். என்னால முடியாது."

"ஏம்மா? கம்பி சரியில்லியா?"

"கம்பி சரி." அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "யாரோ வாசிச்சுகிட்டு இருக்கைல நடுவுல கைய வச்ச மாதிரி இருக்கு. அவங்க... நல்லா வாசிக்கிறாங்க அங்கிள். எனக்கு அப்படி வராது."

டீச்சரும் முதலாளியும் நிறுத்தவில்லை. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தார்கள். டீச்சர் கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், "உங்க முறைங்க. உக்காருங்க."

அவர் கை டீச்சர் பக்கம் நீண்டது. டீச்சர் தலையை ஆட்டினார். முதலாளி பக்கம் நீண்டது. "என்னய்யா நீ, எனக்கு கிட்டார் தெரியுமா?" என்றார் முதலாளி, சிரிக்காமல். பங்களாவில் வந்திருந்தவர்கள் பக்கம் ஒவ்வொருவராகத் திரும்பியது. எல்லாரும் பார்வையைக் கீழே போட்டார்கள். கடைசியில், குசினி வாசலில் தட்டோடு நின்ற என் பக்கம் வந்து நின்றது. அவருடைய கண் என்னைக் கெஞ்சியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் உட்கார்ந்தார்.

விறகுக்குப் பக்கத்தில் நான் கேட்ட சின்னது வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. வந்தது வேறு. அந்தப் பிள்ளை ஆகஸ்டில் வாசித்ததைப் போலவும் இல்லை. அது இதற்குக் கீழேதான். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துக்கொண்டு, நிற்கவும் முடியாமல் முடியவும் முடியாமல், அவ்வளவு மாதமும் யாரும் தொடாமல் விட்டது எல்லாம் ஒரே மூச்சில் வளர்ந்து வெளியே வருகிற மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி கண்ணை மூடிவிட்டார். மேனேஜர் கையில் வைத்திருந்த தட்டு சாய்ந்து கேக் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. யாரும் குனியவில்லை.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். விரல்கள் அந்தப் பாடுபட, முகத்தில் ஒன்றுமே இல்லை. மருந்து எடுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி, வேறு யாரோ உள்ளே போயிருக்கிறார் அவர் வெளியே வரட்டும் என்று பொறுமையாக இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முடிந்தது. அப்புறம் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். டீச்சர் கண்ணில் தண்ணீர். அவர் கிட்டாரை நாற்காலியில் பத்திரமாகச் சாய்த்து வைத்து, இரண்டு அடி தள்ளி நின்று, மற்றவர்களோடு சேர்ந்து தானும் கை தட்டினார். நாற்காலியைப் பார்த்து, மனசு நிறைந்து தட்டினார். பொறாமை ஒரு துளி இல்லை அந்த முகத்தில்.

பிறகு டீச்சரிடம் போய்க் குனிந்து கேட்டார்.

"டீச்சர், என் முறை எப்ப? இன்னும் வரலியே."

முதலாளிதான் பதில் சொன்னார். "இப்ப வாசிச்சியேப்பா. வாசிச்சு எல்லாரையும் கொன்னுட்டியே."

"வெளாடாதீங்க முதலாளி" என்று அவர் சிரித்தார். "அவங்கள மாதிரி நா எங்க வாசிக்க. ஆனா இன்னைக்கு வாசிச்சுருவேன். சின்னதா ஒன்னு பழகி வச்சிருக்கேன், அக்காவ வேணா கேட்டு பாருங்க. நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வரும்ங்க" என்றார் டீச்சர். "அடுத்தது உங்களுதுதான். போய் உக்காருங்க."

அவர் சுவர் ஓரமாக ஒரு நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, கூப்பிட்டால் உடனே எழுந்து வரத் தயாராக, எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

டீச்சர் கட்டைகளின் மேல் இரண்டு கையையும் வைத்தார். எந்தப் பாட்டைத் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.